காற்றுத் திருகாணி

“அண்ணாச்சி, இந்த வாரத்துல இது மூணாவது தடவை. வாசர் மாத்துனீக, பர்னரைக் குத்துனீக. பால் பொங்குறதுக்குள்ள தீ அடங்கிருது” என்றாள் தேவமணி டீச்சர்.

மண்ணெண்ணெய் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் மாரிசாமி பம்ப்பை அடித்துப் பார்த்தார்.

“ரிப்பேர் ஒண்ணுமில்ல டீச்சர். காத்துத் திருகாணியை யாரோ இளக்கி விட்டிருக்காக. காத்து இறங்குனா தீ எப்பிடி நிக்கும்?”

தேவமணி மாமியாரைப் பார்த்தாள். ஸ்டவ் வாங்கிய நாளிலிருந்து விறகடுப்பே போதும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள் இன்பம்.

“என்னை ஏன் பாக்குற? எனக்கு அதைத் தொடவே பயம்.”

“பயந்தவுகதான் இளக்கி விடுவாக, அத்தை.”

முற்றத்தில் தேவமணியின் கணவன் சவரியப்பன் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அவன் வேலைக்குப் போகவில்லை. இந்தப் பேச்சுக்கும் அவன் நிமிரவில்லை.

மாரிசாமி திருகாணியை இறுக்கினார். பர்னரைச் சூடாக்கி, வேகமாகப் பம்ப் அடித்தார். ஸ்டவ் சீறிக்கொண்டு எரிந்தது.

முற்றத்தில் சீப்பு விழுந்தது. சவரியப்பன் மகளை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். எதிர்வீட்டுச் சுவரோரம் அவளைக் கிடத்தி, அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

“என்ன டீச்சர் ஆச்சு அவுகளுக்கு?”

“தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில வேலை. போன மாசம் வெடிச்சப்போ அந்த அறையில ஏழு பேரு. சீறுற சத்தம் கேட்டு வெளிய ஓடி வந்தது இவுக மட்டும்தான்.”

தேவமணி குனிந்து, திருகாணியைத் தானே தளர்த்தினாள். சத்தம் அடங்கியது.

இன்பம் விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனாள்.