பெருசுதான் வேணும்

"எனக்கு இந்தப் பெருசுதான்ணே வேணும்" என்று, மேஜைமேல் இருந்த மூன்று டர்போக்களில் குண்டானதைத் தொட்டுக் காட்டினார் துணிக்கடைக்காரர்.

பாய்லருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. கார் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அதுவும் அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

"காரை எங்க ஓட்டப் போறீங்க?"

"ரேஸ் டிராக்லதான். ஞாயித்துக்கிழமை ஆனா அங்கதான் கிடப்பேன்."

"அங்க எத்தனை வளைவு?"

"பதினாலு."

"பதினாலு! இன்ஜின்லேர்ந்து வர்ற புகைதான் இந்தச் சக்கரத்தைச் சுத்தணும். சுத்தினாத்தான் உள்ள காத்து அடிக்கும், காருக்கு வேகம் வரும். இவ்ளோ பெரிய சக்கரம் சுத்த ஆரம்பிக்கறதுக்குள்ள அடுத்த வளைவே வந்துரும். நீங்க ஆக்ஸிலரேட்டரை மிதிச்சிட்டு வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்!"

துணிக்கடைக்காரர் அசரவில்லை. நடுவில் இருந்த சின்ன டர்போவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அதுக்காக இதையா மாட்டறது? பொம்மை மாதிரி இருக்கேண்ணே."

பாய்லர் பல்லைக் கடித்துக்கொண்டார். பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நின்றது. மூன்று வருடமாகப் பந்தயத்தில் முதலாவதாக வருகிற கார். அதற்குள் என்ன மாட்டியிருக்கிறார், எப்படி மாட்டியிருக்கிறார் என்று மனைவியிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை.

விட முடியுமா? இரண்டு தெரு தள்ளி, சண்டை போட்டுப் பிரிந்துபோன தம்பி தனிப் பட்டறை போட்டிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கைக்கூடச் சொந்தமாகப் போட்டவன் இல்லை. தப்பும் தவறுமாகக் கிறுக்கிக்கொண்டு வந்து நீட்டுவான், இவர்தான் தலையில் நறுக்கென்று குட்டிவிட்டு முழுசாகப் போட்டுக் கொடுப்பார். அந்தத் தறுதலை இன்றைக்குப் போட்டிக்கு வருகிறான். ஜெயிக்கிற காரைப் பார்த்துத்தான் ஆட்கள் பட்டறைக்கு வருவார்கள். வருகிற ஞாயிறு பந்தயத்தில் அவன் மட்டும் ஜெயித்துவிட்டால் இங்கே உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"என்னண்ணே, சொல்லுங்க, பொம்மைதானே?"

"பொம்மையா? அதோ தார்ப்பாய்க்குள்ள நிக்குதே, அதுல இருக்கறதே இந்தப் பொம்மைதான்யா!"

"சும்மா சொல்லாதீங்க. இதுல பூஸ்ட், அதான் அந்தக் காத்தழுத்தம், ஒரு பார் தாண்டினாலே இன்ஜின் தெறிச்சிரும்னு என் சகலை சொன்னாரு."

"உங்க சகலைக்கு என்ன வேலை?"

"பல் டாக்டர்."

"அவரைப் பல்லைப் புடுங்கறதோட நிறுத்திக்கச் சொல்லு! மூணாவது கியர் வரைக்கும் ஒண்ணே கால் பார், நாலாவதுலேர்ந்து ஒண்ணரை. மூணு வருஷமா ஓடுது. ஒரு நட்டு கழண்டதில்ல!"

"ஆனா வளைவு தாண்டினதும் இழுக்காதாமே?"

"கடையில விக்கறதை அப்படியே மாட்டினா எப்படி இழுக்கும்? புகை வர்ற பக்கத்துக் கூட்டை ஒரு சைஸ் சின்னதா மாத்தணும். மூவாயிரத்து இருநூறு ஆர்.பி.எம்.லயே முழு பூஸ்ட் வந்துரும். இதைக் கண்டுபிடிக்க ரெண்டு இன்ஜினைக் கொன்னிருக்கேன்யா நான்! உன் சகலை எத்தனை இன்ஜினைக் கொன்னாரு?"

துணிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "என்னமோண்ணே. பானெட்டைத் திறந்தா பெருசா தெரியணும். அப்பத்தான் நாலு பேர் மத்தியில ஒரு மரியாதை."

பாய்லர் கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் ஓங்கி அடித்தார். டீ டம்ளர் துள்ளிக் கீழே விழுந்து உடைந்தது.

"மரியாதை வேணும்னா நல்லதா ஒரு கோட்டு தைச்சுப் போட்டுக்க! அதான் துணிக்கடை வச்சிருக்கியே! உனக்குப் பெருசும் கிடையாது, சின்னதும் கிடையாது. கிளம்புய்யா!"

துணிக்கடைக்காரர் கிளம்பிவிட்டார். கோபம்தான் கிளம்புவதாக இல்லை. பாய்லர் உட்கார்ந்தார், எழுந்தார், உடைந்த டம்ளரைக் காலால் ஓரமாகத் தள்ளினார். இந்த மாதிரி மரமண்டைகளுக்கு டிராக்கைத் திறந்துவிட்டவனை முதலில் உதைக்க வேண்டும் என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் அது உறைத்தது. அந்த ஆள் வேறு எங்காவது போய் இதே சின்ன டர்போவை வாங்கி மாட்டுவான். ஆனால் அதிகப்படிப் புகையைத் திறந்துவிடும் வால்வின் ஸ்பிரிங்கை மாற்றவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. பழைய ஸ்பிரிங்கோடு ஓட்டினால் வால்வு பாதியிலேயே திறந்துகொள்ளும், ஒன்றரை பார் ஏறவே ஏறாது. அப்புறம் பாய்லர் சொன்னது அத்தனையும் புளுகு என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

பாய்லரா புளுகுகிறவன்? செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

துணிக்கடைக்காரர் தெருமுனையில், போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"யோவ்! வால்வு ஸ்பிரிங்கை மாத்தணும்யா! கெட்டி ஸ்பிரிங், சிவப்பு கலர்! அது இல்லாம ஒண்ணும் வேலைக்காவாது!" என்று கத்திக்கொண்டே வந்து, அவர் முன்னால் மூச்சு வாங்க நின்றார் பாய்லர்.

துணிக்கடைக்காரர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, போனில் சொன்னார்: "எழுதிக்குங்க முதலாளி, சிவப்பு ஸ்பிரிங்காம்... உங்க அண்ணனே ஓடி வந்து சொல்றாரு."