பூஞ்சை பிடிக்காத படுக்கை

பாய்மரப் படகில் குடியிருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். இந்த ஈரக் காற்றில் வாரம் தவறாமல் பூஞ்சை துடைப்பதுதான் அந்தக் கொடுப்பினை. பலகை, செருப்பு, என் பட்டச் சான்றிதழ் என வினிகர் துணியால் நான் துடைக்காத பொருள் இல்லை.

அண்ணனின் படுக்கையில் மட்டும் பூஞ்சை வருவதேயில்லை. அண்ணன் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டான். படகுக்குள் கசியும் நீரை இறைக்கும் பம்பை யார் பழுது பார்ப்பது என்று அதற்கு முன்பே எங்களுக்குள் சண்டை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் படுத்துக்கொண்டு, கடைசிவரை நாங்கள் பேசவில்லை.

ஊரில் இருக்கும் அண்ணியிடம் போனில் இதைச் சொன்னேன்.

"ஆள் புழங்குற இடத்துல பூஞ்சை வராது தம்பி" என்றார், வெயில் அடிக்கிறது என்பதுபோல. "அவர்கிட்ட பேசினீங்களா?"

"பேச்சை எடுத்தா பம்பு என்னாச்சும்பான் அண்ணி."

"கிண்டல் வேண்டாம். அவர் இருக்கும்போதும் இப்படித்தான் தள்ளிப் போட்டீங்க."

வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்பது முறையல்ல. பம்பை முடித்துவிட்டே பேசுவது என்று முடிவெடுத்தேன். உதிரி பாகம் வரத் தாமதமானது. அது வந்ததும் படகின் பாய் கிழிந்தது, தைத்தேன். இன்று காலை ஒருவழியாகப் பம்பு ஓடியது. கை கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அவன் படுக்கை ஓரம் உட்கார்ந்தேன்.

"அண்ணே, பம்பு ஓடுது" என்று தலையணையில் கை வைத்தேன்.

உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தது.