யாருடைய சாட்சி?

“இன்னைக்கு ஆராதனையில நான் சாட்சி சொல்லணும் பாஸ்டர். ஆபாசப் படம் பார்க்குற பழக்கத்துல இருந்து ஆண்டவர் மீட்டதைப் பத்தி.”

இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று வீட்டில் அம்மா அவளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்டர் ஆர்வமாக, அவளுக்குப் பக்கத்தில் நின்ற கணவனின் தோளைத் தட்டினார். “எல்லாரும் மூடி மறைக்கிற விஷயம். எப்படி தம்பி வெளிய வந்தீங்க?”

கணவன் தலைகுனிந்தான்.

“அவரை ஏன் கேக்குறீங்க? அந்தக் கருமத்துக்கு அடிமையாக் கெடந்தது நான். கூடவே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணவர்தான் அவர்.”

பாஸ்டரின் கை தோளிலேயே நின்றுவிட்டது. “சபை தாங்காதும்மா. வீட்டுக்காரர் மீண்டதாவே சொல்லிடு.”

“எனக்கு ஒண்ணும் இல்ல, சொல்லட்டும்,” என்றான் கணவன்.

“எனக்கு இருக்கு. ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்டாரு. நான் உங்களைப் பிடிச்சுத் தள்ளிவிடவா?”

பாஸ்டர் அறையின் கதவைத் திறந்துகொண்டு, மைக் இருந்த மேடையை நோக்கி நடந்தாள்.