நாற்காலி போட்ட இடம்

"ஆளைக் காணோம். வண்டியைக் காணோம். ராத்திரி இந்த நாற்காலியா இங்க படுத்துத் தூங்கப் போகுது?"

டுவேன் கத்தினார்.

ஆர்லோ நிமிரவில்லை. விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த முகாமைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். கோடை முழுக்க வாசலில் ஒரு சின்ன டிரெய்லர் வீட்டில் குடியிருப்பார்.

அமெரிக்காவின் மொன்டானா மலைக்குள், ஏரிக்கரையில், வனத்துறை முகாம். வண்டிக்குப் பின்னால் இழுத்து வரும் கேரவன் வீடுகளை நிறுத்த இடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை. அவ்வளவுதான். முன்பதிவு கிடையாது. முந்தி வந்தவருக்கு இடம். மத்தியானத்துக்குள் நிரம்பிவிடும்.

அன்றும் நிரம்பியிருந்தது. தண்ணீரை ஒட்டிய ஒரே இடம்தான் காலி. அதன் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி. பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி.

"ஐயா, உங்களைத்தான் கேக்கறேன். இது யாருக்கு?"

"ஒருத்தர் வருவார்."

"பேரு?"

"கேக்கல."

"என்ன வண்டி?"

"பாக்கல."

"எப்ப வருவாராம்?"

"பொழுது சாய."

"யாரு, உன் மச்சானா?"

"எனக்கு மச்சான் கிடையாது."

டுவேனுக்குச் சுர்ரென்று ஏறியது. வாசல் பலகையைக் காட்டினார். "ஆள் இல்லாம இடம் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே! இதை நட்டது யாரு?"

"நான்தான்," என்றார் ஆர்லோ. "நேராத்தானே நிக்குது?"

டுவேனின் மனைவி வெர்னா இந்தச் சண்டையில் இல்லை. கேரவன் படியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் கண்ணுக்கு எதற்கும் ஓரம் தெரிவதில்லை. மரம் தண்ணீரில் கரைந்தது. தண்ணீர் வானத்தில் கரைந்தது. நடுவே ஒரு பறவை, இருக்கிறதா இல்லையா என்பது போல மிதந்தது.

திங்கட்கிழமை மிசூலா நகரத்தில் கண் ஆபரேஷன். பார்வை நிற்கலாம், போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "படுக்கையிலேர்ந்து கண் முழிச்சதும் தண்ணியைப் பாக்கணும் டுவேன். ஒரே ஒரு தடவை," என்று கேட்டிருந்தாள். தனியார் முகாம்களில் ஜன்னலைத் திறந்தால் அடுத்தவன் ஜன்னல். அதனால் பெட்ரோல் பங்க்கு பங்க்காக விசாரித்து, இந்த இடத்தைக் கண்டுபிடித்து வந்திருந்தார் டுவேன்.

குரலை இறக்கினார். "என் வீட்டுக்காரிக்குக் கண்ணு போயிட்டிருக்குங்க. ஒரு ராத்திரி போதும்."

ஆர்லோவின் கை விறகோடு நின்றது. வெர்னாவைப் பார்த்தார். அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

"இதே ரோட்டுல மேல போனா இன்னும் ரெண்டு முகாம் இருக்கு. ரெண்டும் ஏரிக்கரைதான். போய்ப் பாருங்க."

"உனக்கு நெஞ்சுல என்ன, கல்லா?"

"விடு டுவேன்," என்றாள் வெர்னா. "அந்த நாற்காலிக்கும் ஏரி பிடிச்சுப் போச்சு போல."

கிளம்பினார்கள்.

முதல் முகாம் நிரம்பியிருந்தது. இரண்டாவதிலும் சந்து சந்தாகச் சுற்றினார்கள். சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான். "வெள்ளிக்கிழமை ஆச்சே பெரியவரே! நேத்தே வந்திருக்கணும்."

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. மூடுபனி ரோட்டுக்கு வந்தது. வளைவு ஒன்றில் மான் ஒன்று, கனவில் நிற்பது போல, நகராமல் நின்றது. டுவேன் பிரேக்கை மிதித்தார். கேரவன் ஒரு பக்கமாக இழுத்து, பள்ளத்தின் விளிம்பில் நின்றது. மான் மெதுவாகத் திரும்பிப் பனிக்குள் போனது.

"என்ன ஆச்சு?" என்றாள் வெர்னா. அவளுக்கு மான் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றார் டுவேன். இருட்டில் மலையைத் தாண்டி அடுத்த ஊருக்கு ஓட்ட அவரால் ஆகாது. வண்டியைத் திருப்பினார். "அந்த ஆளோட வாசல்லயே நிறுத்திப் படுப்போம். விரட்டினா விரட்டட்டும்."

வந்து சேர்ந்தபோது எங்கும் அடுப்புக் கங்குகள் மினுங்கின. ஏரியில் முதல் நட்சத்திரம் விழுந்திருந்தது. தண்ணீரோர இடத்தில் அதே நாற்காலி. வண்டி இல்லை. ஆள் இல்லை.

"பாத்தியா! எவனும் வரல. பொய் சொல்லி விரட்டியிருக்கான், படுபாவி!"

சண்டைக்குத்தான் இறங்கினார்.

டார்ச் விளக்கோடு ஆர்லோ வந்தார். நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். விளக்கை ஆட்டினார்.

"பின்னால வாங்க. இன்னும். வலப்பக்கம் ஒடிங்க. படுக்கை ஜன்னல் தண்ணியைப் பாத்து இருக்கட்டும். போதும், போதும்."

டுவேனுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். உள்ளே வெர்னா ஜன்னல் திரையை விலக்கும் சத்தம் கேட்டது.

"உங்க ஆளு?"

"வந்தாச்சு."

"எங்க?"

ஆர்லோ விளக்கைத் தரைப் பக்கம் திருப்பினார். வெளிச்சம் டுவேனின் செருப்பில் விழுந்தது.

"எங்க போயும் இடம் கிடைக்காம, இருட்டின பிறகு ஒரு வண்டி வரும். தினமும் வரும். அதுக்குத்தான் இந்த இடம்."

"அதை மத்தியானமே எங்களுக்குக் கொடுத்திருக்கலாமே ஐயா!"

"மத்தியானம் உங்க கையில வெளிச்சம் இருந்துச்சே," என்றார் ஆர்லோ.