அக்கா லீவு போட்டால் ஓடும் மெஷின்

"கையும் களவுமா பிடிச்சுக் கொடுங்க. நாளையிலிருந்து அந்த அக்காவுக்கு இங்கே வேலை இல்லை" என்றார் மீன்கடை முதலாளி.

மெக்கானிக்குக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஐஸ் மெஷினைப் பார்க்க வந்தவனைப் போலீஸ்காரன் ஆக்கினால்?

"அவங்கதான் நிறுத்தறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க சார்?"

"போன வாரம் ரெண்டு நாள் அவங்க லீவு. மெஷின் ஜம்முனு ஓடுச்சு. அவங்க வந்தாங்க, படுத்துடுச்சு. ஐஸ் இல்லாம இவ்வளவு மீனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மெக்கானிக் வருவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நல்ல வெயில். மெஷினும் நல்ல பிள்ளையாக ஓடிக்காட்டி அவன் மானத்தை வாங்கியது. இன்று காலையிலிருந்தே மழை.

"என்னங்க இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? என்னோட ஜெர்கின் மாதிரி ஒண்ணு வாங்குங்க. காலையில சொட்டச் சொட்ட நனைஞ்சாலும் சாயங்காலம் கிளம்பறதுக்குள்ள காஞ்சுடும். சரக்கு அப்படி!" என்றார் முதலாளி பெருமையாக.

பின்கட்டில் அக்கா மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றுபோயிருந்தது.

தண்ணீர் வந்தது. கரண்ட் இருந்தது. பக்கவாட்டுத் தகடு மட்டும் அடுப்பாகக் கொதித்தது. சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் கையை விட்டான். துணி ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான். சூடு வெளியேறும் கம்பி வலையை முழுசாக மூடிக்கிடந்தது ஒரு கறுப்பு ஜெர்கின்.

"சூடு போக வழியில்லைன்னா மெஷின் தானா நின்னுடும்க்கா. யாரு இதை இங்கே போட்டது?"

"நான்தான். மெஷின்லேருந்து வர்ற சூட்டுக் காத்துல சீக்கிரம் காயும்" என்றாள் அக்கா, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

ஆக, முதலாளி சொன்னது சரிதான். "உங்களோடதா?"

"எனக்கேது ஜெர்கின்? முதலாளியோடது. ஈரத்தோட மாட்டிக்கிட்டு வண்டியில போனா, மறுநாள் பூரா லொக்கு லொக்குன்னு இருமுறாரு. காஞ்சதும் எடுத்து மறுபடி கதவு ஆணியில மாட்டிடுவேன். இதனாலயா மெஷின் நிக்குது? ஐயையோ!"

"அவர்கிட்ட நீங்க சொன்னதே இல்லையா?"

"இதைப் போய் யாராவது சொல்லுவாங்களா?"

மெக்கானிக் சுவிட்சைத் தட்டினான். மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. ஜெர்கினை எடுத்துக்கொண்டு முன்னால் போனான்.

"ஆளைப் பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன் சார்." ஜெர்கினை அவர் கையில் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னான்.

ஜெர்கின் பாதி காய்ந்து, கதகதப்பாக இருந்தது. முதலாளி அதைத் தடவியபடியே பின்கட்டை எட்டிப் பார்த்தார். அக்கா மழையில் நனைந்த புடவையை உதறிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

"மெஷினை விட்டு எவ்வளவு தள்ளி மாட்டினா நிக்காது?"

"ரெண்டு அடி தள்ளினா போதும் சார்."

"அப்போ அங்கே ரெண்டு ஆணி அடிச்சுட்டுப் போங்க."

"ஒரு ஜெர்கினுக்கு எதுக்கு சார் ரெண்டு ஆணி?"

"அக்காவோட ஜெர்கினை எங்கே மாட்டறது? இன்னிக்கு வாங்கிடுவேன்ல!"