நூற்று நாற்பது கிலோ

இங்கிலாந்தின் ஹல் நகர இளையோர் ரக்பி லீக் அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி. நூற்று நாற்பது கிலோ எடைக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தால் அந்த இடம் கானருக்கு. இல்லையென்றால் ஜூடுக்கு.

மூன்று வாரமாகப் பாதியிலேயே மடங்கிப்போன கானர் இன்று எழுந்துவிட்டான். தடுமாறினால் தாங்கிப் பிடிக்கப் பின்னால் நின்றது ஜூடேதான். பயிற்சியில் இருவரும் ஜோடி.

ஐந்தே நிமிடத்தில் கானர் பயிற்சியாளர் ஓல்ட்ராய்டின் முன்னால் போய் நின்றான்.

"இடத்த ஜூடுக்கே குடுத்துடுங்க கோச். அத நான் தூக்கல."

"பின்ன, உங்கப்பாவா வந்து தூக்கினாரு?"

"ஜூடுதான். பாதியில கால் நடுங்கிடுச்சு. 'புடிச்சிருக்கேன்டா, எழுந்திரு'ன்னு காதுல சொன்னான். அவன் கை குடுத்ததாலதான் எழுந்தேன்."

ஓல்ட்ராய்ட் கைப்பேசியை நீட்டினார். ஒவ்வொருவரும் முழுசாக உட்கார்ந்தார்களா என்று பார்க்க அவர் எடுக்கும் வீடியோ.

அதில் கானரின் கால்கள் நடுங்கின. பின்னால் ஜூடின் உதடுகள் அசைந்தன. அவனுடைய இரண்டு கைகளும் கம்பிக்கு ஒரு சாண் கீழேயே நின்றன, கடைசிவரை.

"அவன் தொடவே இல்லடா," என்றார் ஓல்ட்ராய்ட். "பொய் மட்டும்தான் சொல்லியிருக்கான்."