கத்தி வைக்க வேண்டாம்

நர்ஸ் கூப்பிட்டது மெக்கானிக்கைத்தான். ஆனால் முதலில் எழுந்தது அவருடைய மகள்.

“நீ உட்காரும்மா, ரிசல்ட் எனக்குத்தானே” என்று அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் உள்ளங்கையைச் சொறிந்தபடியே சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இருவருக்கும் மாற்றுத் துணி வைத்த பை அவள் காலடியில் இருந்தது. இன்றைக்கே சேர்த்துக்கொண்டாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்று தயாராகத்தான் வந்திருந்தார்கள்.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் மேலே ஏறி நின்று, இருட்டுக்குள் கம்பி வடங்களைத் தடவித் தடவி எண்ணெய் போடுகிற வேலை. வேலை நேரத்தில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. வேலை முடிந்தபின் தொடாமல் இருந்ததும் இல்லை.

உடம்புக்கு எண்ணெய் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் சாயங்காலம் கிளம்புவார். லிஃப்டுக்கே மாசத்துக்கு ஒரு தடவைதானே போடுகிறாய் என்று மகள் மடக்குவாள். அவரும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிவிடுவார். மனைவி இருந்தவரை இதற்காகச் சண்டை நடந்தது. அவள் போன பிறகு கேட்பதற்கு மகள் ஒருத்திதான்.

தெருவில் விழுந்து கிடந்தவர் இல்லை. யாரையும் கைநீட்டி அடித்தவரும் இல்லை. காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது விரல் கொஞ்சம் நடுங்கும், சாப்பாடு பாதிக்கு மேல் இறங்காது, இரண்டு மாடி ஏறினால் அசந்துபோவார். வயசானால் யாருக்குத்தான் இதெல்லாம் இல்லை என்று தள்ளிவிட்டார்.

இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து, இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே விட்டார். விட்ட புதிதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேர்த்துக் கொட்டியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது. தம்ளரை இரண்டு கையால் பிடித்தும் தண்ணீர் சிந்தியது.

கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்த மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். அவர் தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், “முடியலைன்னா கொஞ்சம் குடிச்சுக்கோப்பா” என்று ஒருமுறை அவளே சொல்லிவிட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினார்.

அதிலிருந்து மீண்டு வந்தபின் அவருக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. நேற்று வேலையிடத்தில் நீண்ட லீவு சொல்லிவிட்டு வந்தார். ஆபரேஷனை நினைத்துப் பயமாக இல்லையா என்று கூட்டாளி கேட்டதற்கு, பார்ட்ஸ் மாற்றுகிற வேலைதானே, நமக்குத் தெரியாததா என்று அவன் முதுகில் தட்டிச் சிரித்தார்.

உள்ளே டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கல்லீரல் சத்தம் போடாத உறுப்பு, கெட்டுப்போனாலும் லேசில் வலி காட்டாது என்று நிதானமாகச் சொன்னார். இத்தனை வருஷம் குடித்ததெல்லாம் முதலில் கொழுப்பாகப் படிந்து, பிறகு வீக்கமாகி, இப்போது தழும்பாக நிற்கிறது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்த துணுக்கும் அதையேதான் சொல்கிறது.

மெக்கானிக் திரையைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் எப்போது என்று மட்டும் கேட்டார்.

“உங்களுக்குக் கத்தி வைக்க வேண்டாம்” என்றார் டாக்டர். நல்ல நேரத்தில் குடியை நிறுத்தியிருக்கிறீர்கள், இனிமேலும் தொடாமல் இருந்தால் தழும்பு மேலே பரவாது, நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்றார்.

அவர் முகம் தெளியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இல்ல டாக்டர், கத்தி வைங்க. எனக்குப் பயமில்லை.”

“இப்படி இருக்கற ஈரல்ல கை வெச்சா நீங்க பிழைக்கறது கஷ்டம்.”

“பிழைக்கலைன்னா பரவாயில்லை.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்படியெல்லாம் எங்களால் செய்ய முடியாது என்று மெதுவாகச் சொன்னார். இன்னும் கொஞ்ச காலம் சுத்தமாக இருந்துவிட்டு வந்தால் செய்வீர்களா என்று அவர் விடாமல் கேட்டார். விழுந்த தழும்பு போகாது என்று சொல்லி டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்தவர் நேராக மகளிடம் போகவில்லை. குழாயடியில் முகத்தைக் கழுவி, சட்டைக் கையால் துடைத்து, சிரித்த முகமாக்கிக்கொண்டுதான் போனார். அவரைப் பார்த்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்கம்மா. குடிக்காம இருந்தா நான் ரொம்ப வருஷம் இருப்பேனாம்.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணிவிட்டது. பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நடந்துபோன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மகள் சந்தோஷப்படவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒட்டி உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“அழாதப்பா. எனக்குக் கல்லீரல் குடுக்க வேற யாராவது வருவாங்க.”